யார் இந்த முத்தாலம்மாள்?

முத்தாலம்மாளை ஊரைவிட்டு விலக்கி ஒரு வாரம் ஆகிறது. அதன் பிறகு ஊரில் ஒரு சண்டை இல்லை, ஒரு ஏச்சுப் பேச்சு இல்லை. மனுவின் முதல் பத்தியில் ஜெயவேலு இதைத்தான் எழுதியிருந்தார்.

ஓ.எம்.ஆரில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடி. கிழக்குத் தாம்பரத்தில் எட்டரைக்கு பஸ் ஏறியவர், மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று, பதினோரு மணிக்கு வந்து சேர்ந்திருந்தார். மடியில் மனு இருந்த பிளாஸ்டிக் ஃபைல்.

ஊர் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஊர். பெயர் அலைபுரம். தெரு, சந்தை, கடற்கரை எல்லாம் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடியே ஓர் உருவம் எடுத்துக்கொண்டு அங்கே உலவலாம், அக்கம்பக்கத்தாரோடு பேசலாம். ஜெயவேலு இருபது வருடம் நிருபராக இருந்த நாளிதழ் புறநகர்ப் பதிப்பை நிறுத்தியபோது, அவர் அங்கே குடியேறி ‘அலைபுரம் செய்தி’ என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்.

யார் கடை திறந்தார்கள், யார் வீட்டுக்கு மாடி கட்டினார்கள் என்பதுதான் செய்தி. ஆனாலும் இதழ் வெளியான ஐந்தாவது நிமிடம் நாற்பது வாசகர் கடிதங்கள் வந்துவிடும். ஒன்றில்கூட ஒற்றுப்பிழை இருக்காது. “எங்க ஆபீஸ்லயே இப்படித் தமிழ் எழுத ஆள் கிடையாது சரசு” என்று மனைவியிடம் காட்டிப் பூரித்துப்போவார்.

முத்தாலம்மாள் மட்டும் வேறு மாதிரி. சந்தையில் மீன் கடை போட்டிருந்தாள். கானாத்தூர்ப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து வருவதாகச் சொல்வாள். பேச்சின் நடுவில் திடீரென்று காணாமல் போவாள். மூன்று மணி நேரம் கழித்து வந்து அரைகுறையாக எதையாவது தட்டிவிட்டுப் போவாள். ஒரு நாள், புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான் என்பாள். இன்னொரு நாள், புருஷனே இல்லை என்பாள்.

ஒரு முறை பத்திரிகையைப் பற்றியே கேட்டுவிட்டாள்.

“இன்னாண்ணா, வாராவாரம் அல்லாரும் நல்லாக் கீறாங்கன்னே எழுதிகினு கீற. ஒருத்தருக்கும் ஒரு கஷ்டமும் இல்லியா?”

அது ஜெயவேலுவுக்குச் சுருக்கென்று தைத்தது. இவள் போலியாக இருப்பாளோ என்று சந்தேகம் வந்தது. அவள் சொன்னதையெல்லாம் தேதிவாரியாகத் தொகுத்தார். முன்னுக்குப்பின் முரணானவற்றை எடுத்துப்போட்டு, ‘யார் இந்த முத்தாலம்மாள்?’ என்று மூன்று வாரம் எழுதினார். ‘துணிச்சலான கட்டுரை’ என்று கடிதங்கள் குவிந்தன.

நான்காவது வாரம் ஊர் ஓட்டெடுத்தது. வெளியேற்ற வேண்டும் என்று ஜெயவேலுவையும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வேண்டாம் என்று ஒரே ஒருவர், அது அவளேதான்.

ஓட்டு முடிவதற்குள் அவரிடம் கெஞ்சியிருந்தாள். “நான் நெசமாத்தான் கீறேண்ணா. வூட்டுக்காரு கடல்ல போயி ரெண்டு வருசமாவுது. சில நாளு இன்னும் வந்துருவாருன்னு தோணும், அப்டியே சொல்லிருவேன். இங்க வந்தா நாலு பேராண்ட பேசலாம்னுதான் வரேன். தொரத்தாதீங்க.”

நன்றாகக் கதை கட்டுகிறாள் என்று நினைத்தாரே தவிர, பதில் போடவில்லை. முடிவு அறிவித்த கணமே அவள் பெயர், கடை, அவள் பேசிய பேச்சு எல்லாம் அழிந்துவிட்டன. அது ஊர்ச் சட்டம். அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

முந்தாநாள்தான் ஊரை நடத்தும் நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. இந்த மாதக் கடைசியோடு அலைபுரத்தை மூடுகிறார்கள். ஜெயவேலு மனு எழுதிச் சுற்றுக்கு விட்டார். கால் மணி நேரத்தில் முந்நூற்றுப் பதினொரு பேர் ஆதரவு தெரிவித்திருந்தார்கள்.

ஆறாவது மாடி அலுவலகத்தில், அலைபுரத்துக்குப் பொறுப்பான ஆஃபியா என்ற பெண் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். மனுவைப் பொறுமையாகப் புரட்டினாள்.

“மூடிடாதீங்க மேடம். நல்லா போய்க்கிட்டிருக்கிற ஊரு. இத்தனை பேரு எங்க போவாங்க?”

ஆதரவு தெரிவித்தவர்களின் பெயர்ப் பட்டியலில் ஆஃபியாவின் கண் நின்றது. “இவங்கள்ல யாரையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா சார்?”

“நேர்ல இல்ல. போன்ல பேசினதும் இல்ல. ஆனா எல்லாரும் எனக்கு நல்லாத் தெரிஞ்சவங்க மேடம்.”

 அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். பட்டியலில் இருந்த அதே பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெறும் எண்.

“காலியா இருந்தா யாரும் குடிவர மாட்டாங்கன்னு, ஆரம்பத்துல நாங்களே கொஞ்சம் பேரை உள்ள விட்டோம் சார். ஆளுங்க இல்ல, புரோகிராம். நீங்க எதைச் சொன்னாலும் ஆமான்னு சொல்லும். ஜனங்க வந்ததும் எடுத்துடலாம்னு இருந்தோம். யாரும் வரல.”

“எல்லாருமா?”

“இந்த லிஸ்ட்ல இருக்கிற எல்லாரும் சார். சாரி.”

ஜெயவேலு மனுவை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார். பட்டனைப் போட்டு மூடினார். ஆஃபியா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் எடுக்கவில்லை.

“அப்போ இத்தனை நாளா அந்த ஊர்ல மனுஷன்னு இருந்தது நான் மட்டும்தானா மேடம்?”

“இல்ல சார். நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பினீங்களே, அந்தம்மாவும் இருந்தாங்க.”