வெயிலில் ஆறும் கீறல்

தெருவுக்குப் புதிதாக ஒரு நீலக் கார் வந்தது. அதன் நெற்றியில் வைத்த சந்தனம் காய்வதற்குள் செவலை என்கிற பூனை மேலே தாவி, வழுக்கி, நகத்தால் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டாள். "போச்சு, தொலைஞ்சேன்!" என்று அடியில் பதுங்கினாள்.

கார் சிரித்தது. "பயப்படாதேக்கா. வெயில் ஏறட்டும், பாரு."

வெயில் ஏறியது. செவலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மெலிந்தது, மங்கியது, இல்லாமலே போனது. அவளுக்கு முதுகு மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"நீ என்ன சாமியா தம்பி?"

"என் பூச்சு அப்படிக்கா."

அன்றிலிருந்து மீன்காரி விரட்டினாலும் சரி, நாய் துரத்தினாலும் சரி, செவலை நேரே வந்து அதே இடத்தில் பிறாண்டித் தீர்த்துவிட்டுப் போவாள். மதியத்துக்குள் ஆறிவிடும். முதலில் உட்கார்ந்து அதிசயமாகப் பார்த்தவள், நாளாக நாளாகத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் அந்தப் பக்கம் வந்தாள். காலையில் பிறாண்டிய கோடு அப்படியே இருந்தது. அடியில் தகரம் வெளுப்பாகத் தெரிந்தது.

"ஏன் தம்பி, இன்னும் ஆறலை?"

"மேல்பூச்சு இருக்கிற வரைக்கும்தான்க்கா ஆறும். அந்த இடத்துல அது தீர்ந்துபோச்சு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வராமப் போயிட்டேன்னா?"

செவலை மெல்ல மேலே ஏறினாள். நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, தன் வயிற்றுச் சூடு அந்தக் கீறலில் படும்படி படுத்தாள். வெயில் இறங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.