விட்டுப்போன இரண்டு புள்ளி

"நாலு," என்று லார்ஸ் தன் சீட்டுகளை மேசையில் விரித்தார்.

"ஜோடி எட்டு கிடக்குதே, அதை யாரு எண்ணுவா, உங்கப்பனா?" என்றார் ஓரெஸ்ட். "மகின்ஸ்."

சொல்லிவிட்டுப் புள்ளிக் கணக்குப் பலகையில் தன் குச்சியை இரண்டு துளை முன்னால் நகர்த்தினார்.

பார்த்துக்கொண்டிருந்த டார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதியோர் மன்றத்தின் புதுப் பொறுப்பாளர் அவள். ரெஜைனா நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தவள்.

கிரிபேஜ் ஆட்டத்தில் எதிராளி எண்ணாமல் விட்ட புள்ளியை 'மகின்ஸ்' சொல்லிப் பறித்துக்கொள்ளலாம். ஆனால் லார்ஸுக்கு மறதி நோய். இரண்டு வருஷமாக யாரும் அவரிடம் அப்படிப் பறிப்பதில்லை, ஓரெஸ்ட்டைத் தவிர.

"டேய் ஓரெஸ்ட், திருட்டுப் பயலே," லார்ஸுக்குக் காது வரை சிவந்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை உன் தோலை உரிக்கிறேன் பாரு."

"நீ முதல்ல வந்து சேரு."

ஆட்டம் முடிந்ததும் டார்லீன் ஓரெஸ்ட்டை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அவருக்கு முடியாம இருக்கு. நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?"

"எண்பத்தேழாம் வருஷம் எங்கிட்ட விதைக்கிற மிஷினை இரவல் வாங்கிட்டுப் போய் உடைச்சுக் கொண்டாந்து போட்டான். அப்ப யாரு விட்டுக்கொடுத்தா?"

"அது அவருக்கு ஞாபகமே இருக்காதுங்க."

"எனக்கு இருக்கும்மா. ரெண்டு பேர்ல ஒருத்தனுக்காவது இருக்கணுமில்ல."

மறுவாரம் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'மகின்ஸ் கிடையாது. அன்போடு ஆடுவோம்.' கீழே ஒரு சூரியகாந்திப் பூ.

லார்ஸை டார்லீன் மேவிஸின் மேசைக்கு மாற்றினாள். மேவிஸ் நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள்.

ஓரெஸ்ட் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"அப்ப நான் எதுக்கு வரணும்?" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு, காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"தொலையட்டும்," என்று மேவிஸ் லார்ஸின் கன்னத்தைத் தட்டினாள். "நீ ஆடு கண்ணு. நாலா? அடடா, என்ன சமத்து." அவருக்கு எண்ணியதும் அவள்தான், குச்சியை நகர்த்தியதும் அவள்தான்.

மூன்று வாரமும் லார்ஸ்தான் ஜெயித்தார். மூன்று வாரமும் கைதட்டல். மூன்று வாரமும் ரிப்பன் கட்டிய ஒரு சாக்லேட் பெட்டி.

மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில் 'வாழ்க்கைத் தரம்' என்ற கட்டத்தில் டார்லீன் 'மிக நன்று' என்று எழுதினாள். பெட்டியோடு லார்ஸ் உட்கார்ந்திருக்கும் படத்தையும் சேர்த்தாள். படத்தில் அவர் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் என்ன, முகம் தெளிவாக விழுந்திருந்தது.

நாலாவது வெள்ளிக்கிழமை லார்ஸ் வரவில்லை. அவர் மனைவி வெர்னா மட்டும் வந்தாள். மூன்று பெட்டிகளையும் டார்லீனின் மேசையில் வைத்தாள். ஒன்றிலும் ரிப்பன் பிரிக்கப்படவில்லை.

"ஏன், அவருக்குச் சாக்லேட் பிடிக்கலையா?"

"ஆட்டமே பிடிக்கலையாம். சட்டையே மாட்டிக்க மாட்டேங்கிறார். முன்னெல்லாம் வியாழக்கிழமையே ஷேவ் பண்ணிக்கிட்டு, சீட்டை விரிச்சு வெச்சு, ஏழும் எட்டும் பதினஞ்சுன்னு பத்துத் தடவை எண்ணிப் பார்ப்பார்."

"இங்கே எவ்வளவு அன்பா பார்த்துக்கிறோம். அந்த ஆள் மாதிரியா? இத்தனை வருஷம் பகையை மனசுல வெச்சுக்கிட்டு..."

"பகைதான். யாரு இல்லேன்னா?" வெர்னா கையுறையை மாட்டிக்கொண்டாள். "நேத்துக்கூட ஜன்னல்கிட்ட உட்கார்ந்துக்கிட்டு, 'அந்தத் திருட்டுப் பய ஓரெஸ்ட் எங்கே, செத்துட்டானா?'ன்னு கேட்டார்."

"பார்த்தீங்களா, இன்னும் பயப்படுறார்."

வெர்னா சுவரில் இருந்த சூரியகாந்தியை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அவருக்கு மறக்காம இருக்கிறது அந்த ஒரு பேருதாம்மா. என் பேரு போன கிறிஸ்துமஸோட போயிடுச்சு."