அணில் காலி செய்கிறது

பரணில் குடியிருந்த அணில் வெளியே போன நேரம் பார்த்து, அது நுழையும் வெளிச்சுவர் ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டாள் அவள். உள்ளே குட்டிகள் கீச்சிட்ட பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. இப்போது தகரத்தைப் பிடுங்கிவிட்டு, குட்டிகளைச் செருப்புப் பெட்டியில் ஏந்தியபடி ஏணியில் நிற்கிறாள். தாய் கொண்டுபோனால்தான் அவை பிழைக்கும். எதிர்க்கிளையில் தாய் அணில் வாலை உதறி உதறிக் கத்துகிறது. “எங்கம்மாகூட உங்கள இப்படித் திட்டினதில்ல அண்ணி,” என்கிறாள், ஏணியைப் பிடித்திருக்கும் நாத்தனார். “சிரிக்க வைக்காத, பெட்டி ஆடுது.” சட்டென்று ஒரு தாவல். அவள் விரலில் மீசை உரசுகிறது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெயிலுக்குள் பாய்கிறது அணில், திரும்பி வருகிறது, மறுபடி பாய்கிறது. பெட்டி காலி. இன்னொரு முறை வந்த அணில், ஓட்டைக்குள் தலையை நுழைத்து மூலைமூலையாக முகர்கிறது. “முடிஞ்சுது, இறங்குங்க அண்ணி.” “இரு. அது நல்லாத் தேடிப் பாத்துக்கட்டும்.”