மூணு நாட்டு லைன்

"எந்தெந்த நாடு தங்கச்சி? நான் பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி சரியா சொல்லிடு. அப்புறம் மாத்த முடியாது லா."

மலேசியாவின் தம்பின் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே கைப்பேசிக் கடை வைத்திருக்கும் அஃபீஃப், மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே கேட்டான்.

"சிங்கப்பூரு, தாய்லாந்து, மலேசியா. மூணுலயும் எடுக்கற இ-சிம்மா வேணும். இவரு போன்ல போடுங்க பாய்" என்றாள் ரோகினி. அவள் காலடியில் ஒரு பெரிய பெட்டி. பக்கத்தில் அவள் கணவன் சுகுமாறன், தோட்டத்து வெயிலில் கறுத்த முகத்தோடு நின்றான்.

அஃபீஃப் நல்லவன்தான். ஒரே குறை, கேள்வியையும் அவனே கேட்பான், பதிலையும் அவனே சொல்லிக்கொள்வான்.

"சிங்கப்பூர்ல என்ன, வேலையா? வேலையாத்தான் இருக்கும்."

"ஓட்டல் வேலை பாய். ஆறு மாசம் அங்க. அப்புறம் பேங்காக் கிளைக்கு அனுப்புவாங்களாம்."

"கல்யாணம் ஆகி?"

"ஒரு வருஷங்கூட ஆகல."

"அடேங்கப்பா! அதுக்குள்ள ஜோடியா நாடு சுத்தக் கெளம்பிட்டீங்க. நானும்தான் ஒருத்தியைக் கட்டினேன், மலாக்காவைத் தாண்டினது இல்ல. கொடுத்து வச்சவன் தம்பி நீ!"

சுகுமாறன் சிரித்து வைத்தான். ரோகினி பெட்டியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பாய், இது மலேசியாவுலயும் நல்லா எடுக்கும்ல? தோட்டத்துக்குள்ள? எங்க பக்கம் செம்பனை மரம் ரொம்ப அடர்த்தி" என்றான் சுகுமாறன்.

"எந்த டவர் கெடைக்குதோ அதைப் புடிச்சிக்கும். அது சரி, பேங்காக் போறவனுக்குத் தோட்டத்துல எதுக்கு லைன்? ஆங், தீபாவளிக்கு வருவீங்கல்ல, அதுக்கு!"

அதையும் அவனே சொல்லி முடித்துவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. ஊர்ல இருக்கறப்ப இது தண்டச் செலவு. லோக்கல் சிம் ஒண்ணு போட்டுக்க, பாதி விலைதான். ஐசியக் குடு, இப்பவே பதிஞ்சிடலாம்."

"கொண்டாரல பாய்."

"நல்ல ஆளு லா நீ! அடையாளக் கார்டு இல்லாம பயணம் கெளம்புவாங்களா? சரி விடு, தங்கச்சி ஐசி இருக்கும்ல, அது பேர்ல போட்டுடறேன்."

"என் பேர்லயே போடலாம்னு நான் அப்பவே சொன்னேன் பாய். சொன்னா கேட்டாத்தானே!" என்று ரோகினி கைப்பையைத் திறந்தாள்.

"வேணாம்." சுகுமாறனின் குரல் சட்டென்று உயர்ந்தது. "இ-சிம்மே போடுங்க. என் பேர்லயே இருக்கட்டும்."

"அட, ரோஷத்தப் பாரு! பொண்டாட்டி பேர்ல ஒரு சிம் இருந்தா உன் மீசை கொட்டிடுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் உள்ளுக்குள் அஃபீஃபுக்கு எரிச்சலாக இருந்தது. பெண்டாட்டி பேர் சொன்னாலே முறைத்துக்கொள்ளும் ஆம்பிளைகளை அவனுக்குப் பிடிக்காது.

"எதையாச்சும் போடுங்க பாய், லைன் மட்டும் அறுந்து போகக் கூடாது" என்றாள் ரோகினி. "முன்ன இருந்த நம்பரு இவரு சித்தப்பா பேர்ல. அவரு தவறினதும் அவரு பிள்ளைங்க லைனை நிறுத்திட்டாங்க. நான் அப்ப போர்டிக்சன்ல ஓட்டல் பயிற்சியில இருந்தேன். இவரு குரலைக் கேக்காம எனக்குச் சோறே எறங்கல. திரும்ப அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது பாய்."

அஃபீஃப் பட்டனைத் தட்டினான். மடிக்கணினித் திரையில் கியூ.ஆர். குறியீட்டின் கறுப்புக் கட்டங்கள் வந்தன. சுகுமாறனின் கைப்பேசியை அதற்கு நேரே காட்டினான். சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. மூவரும் கைப்பேசியைக் குனிந்து பார்த்தார்கள்.

"வந்துடுச்சு லைன்!"

ரோகினி உடனே தன் கைப்பேசியிலிருந்து வீடியோவில் அழைத்தாள். அவன் எடுத்தான். பக்கத்தில் நின்றுகொண்டே இரண்டு பேரும் ஒருவரையொருவர் திரையில் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"தினமும் எடுக்கணும், ஆமா!"

"இதென்னடா கூத்து, கைக்கெட்டுற தூரத்துல நின்னுக்கிட்டு!" என்று அஃபீஃப் விழுந்து விழுந்து சிரித்தான்.

வெளியே, சிங்கப்பூர் எல்லைக்குப் போகும் ஜொகூர் பஸ் ஹாரன் அடித்தது. சுகுமாறன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ரோகினியும் பின்னால் ஓடினாள். அஃபீஃப் வாசலுக்கு வந்து கையசைத்தான். பெட்டி உள்ளே போனது. ரோகினி ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. பஸ் நகர்ந்தது.

சுகுமாறன் மட்டும் ரோட்டிலேயே நின்றிருந்தான்.

"தம்பி, பஸ்ஸு! ஏறுடா, பஸ்ஸு போகுது!" அஃபீஃப் பதறி, செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். "ஓய் டிரைவர், நிறுத்துய்யா!"

"நிறுத்தாதீங்க பாய். அவ மட்டும்தான் போறா."

"அப்ப நீ? மூணு நாட்டு லைனை வாங்கி வச்சுக்கிட்டு இங்க என்னடா பண்ணப் போற?"

சுகுமாறன் பஸ் போன திசையைப் பார்த்தபடியே பேசினான்.

"இந்த மூணு நாட்டு லைனுக்கு மட்டும்தான் பாய் ஐசி கேக்கல. என்னைப் பெத்தப்பவே அம்மா செத்துட்டாங்க, யாரும் பொறப்பைப் பதியல. ஐசியும் கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. மோட்டார் சைக்கிள் அவ பேர்ல, வீடு அவ பேர்ல. இங்கயே பொறந்து இங்கயே வளந்தவன், என் பேர்ல நான் வாங்கின மொத சாமான் இதான் பாய்."