எழ மறுக்கும் ஈமு

மன்னார்குடிக்குக் கிழக்கே, எல்வினும் விண்ணரசியும் நடத்தும் ஈமுப் பண்ணைக்குள் வாய்க்கால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. மழை வெளிச்சம் மங்குகிறது. மற்ற பறவைகள் மேட்டில் நெருங்கி நிற்கின்றன. பெட்டை ஒன்றின் தொண்டையிலிருந்து பறை அதிர்வதுபோல ஒலி எழுகிறது. ஈமுக்களில் அடைகாப்பது ஆண்தான்; அந்தச் சேவல் மட்டும் பள்ளத்தில் முட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. வாரக்கணக்காக இரை தொடாத உடம்பு. அதன் தலையை மூடி அடக்கி மேட்டுக்குக் கொண்டுபோக ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு விண்ணரசி வேலிக்குள் இறங்குகிறாள். "கிட்டப் போகாத விண்ணு, உதைச்சா வயிறு கிழிஞ்சிரும்!" என்று கத்துகிறான் எல்வின். "விட்டா முழுகிப் போயிரும்ங்க." சேவல் சீறுகிறது, எழவில்லை. தண்ணீர் அதன் மார்பைத் தொடுகிறது. கரும்பச்சை முட்டை ஒன்று அடியிலிருந்து மிதந்து வருகிறது. சேவல் அதை அலகால் இழுத்து மறுபடி வயிற்றுக்கடியில் செருகிக்கொள்கிறது. விண்ணரசி அடுத்த அடி வைக்க முடியாமல் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வாய்க்கால் கரை உடைகிற சத்தம் கேட்கிறது.