மேஜைக் காலடியில் ஒரு துண்டு

"என் மானத்தை வாங்கணும்னே கங்கணம் கட்டிக்கிட்டியாக்கா?"

செருப்பைக் கழற்றும்போதே கத்தினான் தம்பி. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த அக்கா நிமிரவில்லை.

"முதல்ல உட்காருடா."

"உன் வெப்சைட்ல என் பேரைப் போட்டு, கீழே வரிசையா 'உடைந்தது, உடைந்தது'ன்னு போட்டிருக்கியே! பழைய சிநேகிதன் ஒருத்தன் போன் பண்ணி, 'என்னடா உடைசல், உலகப் புகழ் ஆயிட்டே'ன்னு சிரிக்கிறான்."

அக்கா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம், எந்தப் பொருள் எவ்வளவு சூடு தாங்கும், எவ்வளவு பாரம் தாங்கும் என்ற விவரங்களையெல்லாம் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டிருந்தது. பொறுப்பு அவளுடையது. தோற்றுப்போன சோதனைகளையும் ஒன்றுவிடாமல் ஏற்றியிருந்தாள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "அவனே எல்லாத்தையும் மறந்துட்டு, கடையைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருக்கான். ஏண்டி கிளறுறே?"

சொல்லும்போதே அம்மாவுக்கு அந்த நாட்கள் கண்முன் வந்தன. தம்பியும் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த காலம். எந்தச் சூட்டுக்கும் அசையாத பீங்கான் செய்கிறேன் என்று உலையே கதியாகக் கிடப்பான். 'உடையக் கூடாது கடவுளே' என்று வேண்டிக்கொண்டே அம்மா வாசலில் நிற்பாள்.

"இன்னைக்காவது நின்னுச்சாப்பா?"

"உடைஞ்சிடுச்சும்மா."

அப்படி உடைந்து வீட்டுக்கு வந்த பீங்கான் துண்டு ஒன்றைத்தான் அக்கா, ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பு! அதற்கப்புறம் ஒருநாள், ஆராய்ச்சியே வேண்டாம் என்று எழுந்து வந்தவன் மின்சாமான் கடை வைத்துக்கொண்டான். துண்டு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

"என் பேரை எடு. இப்பவே எடு."

"எடுக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு. காலையில முன்பின் தெரியாத ஒரு பொண்ணு போன் பண்ணினா. அவளும் ஆராய்ச்சிதான். கொதிகலன் வெடிச்சு ஆள் சாகக் கூடாதுன்னு, சூடு எல்லை மீறினதும் தானே உடைஞ்சு ஆவியை வெளியே விடுற மூடி ஒண்ணு செய்யறாளாம். எதை வெச்சாலும் ஒண்ணு முந்தி உடையுது, இல்லேன்னா உடையவே மாட்டேங்குதாம். நம்ம வெப்சைட்ல தேடியிருக்கா."

"அதுக்கு?"

"எத்தனை தடவை சோதிச்சாலும் அச்சு மாறாம ஒரே சூட்டுல உடையறது ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சாம், உன் பீங்கான். 'செஞ்சவரோட பேசணும், கொஞ்சம் உதவி பண்ணுங்க'ன்னு கெஞ்சுறா." அக்கா இப்போதுதான் நிமிர்ந்தாள். "சொல்லு, பேரை எடுத்துடவா?"

தம்பி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நம்பரைக் குடுக்கா," என்றான்.

அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"நல்லவேளை கடவுளே, அன்னைக்கு நான் வேண்டினது எதையும் நீ காதுல போட்டுக்கவே இல்லை!"