இல்லாத கார்

"குவாபரா சான், யாரோ நம்ம காரை ஓட்டியிருக்காங்க! இன்ஜின் இன்னும் கொதிக்குது!" என்று கத்தினாள் சிசுரு.

கார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் குவாபரா பட்டறைக்குள் ஓடிவந்தார். சொகுசு செடானுக்குள் பந்தய இன்ஜினைப் பொருத்தி, நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருவரும் உருவாக்கிய கார் அது. கதவருகே ஒரு ஜோடி ஆபீஸ் செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"நாம வர்ற சத்தம் கேட்டு ஓடியிருக்கான். போட்டிக் கம்பெனி உளவாளிதான்!" என்றார் குவாபரா.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுற உளவாளியா? நம்ம காரை வீடு மாதிரில்ல மதிச்சிருக்கான்!"

அதற்குள் வாசலில் இயக்குநர் ஹிராபயாஷியின் குரல் கேட்டது. சிசுரு அவசரமாகக் காரையும் செருப்பையும் தார்ப்பாயால் மூடினாள்.

"பெரிய இன்ஜின் வேண்டாம்னு போன மாசமே சொன்னேன். இங்க அப்படி எந்தக் காரும் இல்லையே?"

"இல்லவே இல்ல சார்!"

குவாபரா இடுப்பு வளைய வணங்கினார். குனிந்தவர் நிமிரவில்லை. இயக்குநரின் காலில் வெறும் காலுறைதான் இருந்தது.

"அந்த இல்லாத கார் என்னமா பறக்குது! ஆனா வளைவுல பின்பக்கம் துள்ளுது, ஸ்பிரிங்கை மாத்துங்க. நாளைக்கு மறுபடி ஓட்டிப் பார்க்கறேன்" என்றார் ஹிராபயாஷி. "இப்போ என் செருப்பைக் குடுங்க, கால் ஜில்லுங்குது."